சாட்சி சொல்லத் தைரியம் வரவில்லையா? எழுதுவது முதல் எடுத்துச் சொல்வது வரை

சபைக் கூட்டத்தில் ‘யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கேட்டதும், ஏதோ வசனம் தேடுவதுபோல வேதாகமத்தைப் புரட்டத் தொடங்குகிறவர்கள் அநேகர். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லிவிட முடியாது. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். எவ்வளவு என்று தெரியாத வேலையில் கைவைக்க யாருக்கும் தயக்கமாகத்தான் இருக்கும்.

கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைப் பிறர் முன் சொல்வதுதான் சாட்சி. அது வழக்குமன்றத்தில் புழங்கும் சொல். (கத்தோலிக்கர்கள் ‘சான்று பகர்தல்’ என்பார்கள். பொருள் ஒன்றுதான்.) கூண்டில் நிற்கிற சாட்சி சட்டம் பேச வேண்டியதில்லை, தீர்ப்பும் சொல்ல வேண்டியதில்லை. கண்டதைச் சொன்னால் போதும். காணாததைச் சொல்லக் கூடாது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனிடம், இயேசு பாவியா இல்லையா என்று பரிசேயர் மடக்குகிறார்கள். அது தனக்குத் தெரியாது என்கிறான். ‘நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.’ தனக்குத் தெரிந்தது எதுவரை என்பதில் அவனுக்குக் குழப்பம் இல்லை. அதனால்தான் இரண்டாம் முறை கூப்பிட்டு விசாரித்தபோதும் அவன் தடுமாறவில்லை. இங்கே சொல்லப்போகும் படிகள் எல்லாமே அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

படி 1: எது பயம் என்று பெயர் சொல்லுங்கள்

‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதோடு நின்றுவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஒரு தாளை எடுத்து ‘நான் சாட்சி சொன்னால் நடக்கக்கூடிய மோசமான விஷயம்…’ என்று எழுதி, வாக்கியத்தை ஐந்து விதமாக முடித்துப் பாருங்கள். வழக்கமாக வருகிறவை இவைதான்.

‘என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.’ சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவர்களின் பயம் இது. குடியிலிருந்தும் சிறையிலிருந்தும் வந்தவர்களின் சாட்சியைக் கேட்டுக் கேட்டு, தங்களுடையது சாட்சியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். 5-ஆம் வசனத்தில் தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்கிறார். இரண்டே வசனம் தள்ளி, ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்’ என்கிறார். தைரியத்தைப் பற்றி எல்லாரும் எடுத்துக்காட்டும் இந்த வசனம், பவுலைப்போலத் தமஸ்கு வழியில் விழுந்து மனம் மாறிய அனுபவம் ஏதும் இல்லாத, பாட்டி மடியில் விசுவாசம் கற்ற ஒருவருக்கு எழுதப்பட்டது.

‘கேள்வி கேட்டால் பதில் தெரியாது.’ இதற்கு ஆறாம் படியில் வருகிறோம்.

‘நானே இன்னும் சரியாக வாழவில்லை.’ இது நேர்மையான பயம். பொய்யாகச் சொல்லப்போனால்தான் இது ஆபத்து. உள்ளதை உள்ளபடி சொன்னால் இதுவே உங்கள் சாட்சிக்கு எடை கொடுக்கும்.

‘குரல் நடுங்கும், அழுதுவிடுவேன்.’ பவுலே கொரிந்தியருக்கு, ‘பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்’ உங்களிடத்தில் இருந்தேன் என்று எழுதுகிறார். அதே கொரிந்துப் பட்டணத்தில்தான் கர்த்தர் இரவில் தரிசனமாகி ‘நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே’ என்று அவரிடம் சொன்னதாக அப்போஸ்தலர் 18 கூறுகிறது. நடுங்காதவரிடம் அப்படிச் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

இன்னொரு வகைப் பயம் உண்டு. வீட்டை விட்டுத் துரத்துவார்கள், அடிப்பார்கள், வேலை போகும், சட்டச் சிக்கல் வரும் என்பது. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தில் எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் நிலைமை தெரிந்த, விவரமான ஒருவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மேடையிலிருந்து ‘தைரியமாய்ப் போய்ச் சொல்லுங்கள்’ என்று உற்சாகப்படுத்துகிறவர் உங்கள் வீட்டில் குடியிருக்கவில்லை.

படி 2: எழுதும் முன் சேகரியுங்கள்

எடுத்த எடுப்பில் சாட்சியை எழுத உட்கார்ந்தால், கேட்டுப் பழகிய பிறருடைய சாட்சிகளின் வாக்கியங்கள்தான் வந்து விழும். முதலில் கச்சாப்பொருள் வேண்டும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, விசுவாசம் விழித்த, தளர்ந்த, திரும்பிய, கேள்வி கேட்ட இடங்களையெல்லாம் அதில் புள்ளியாகக் குறியுங்கள். ஆறேழு புள்ளிகள் வந்தால் நல்லது. ஒவ்வொன்றின் கீழும் மூன்றே மூன்று குறிப்பு: எங்கே இருந்தீர்கள், யார் உடன் இருந்தார்கள், உங்கள் காதில் விழுந்த அல்லது கண்ணில் பட்ட ஒரு வார்த்தை என்ன.

இந்தச் சில்லறை விவரங்கள்தான் சாட்சியைச் சுமக்கின்றன. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்ததை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குறித்து வைத்ததில், அந்தக் கூட்டத்துக்குத் தான் மனமே இல்லாமல் போனதும் இருக்கிறது, மணி ஒன்பதாகக் கால் மணி நேரம் இருந்தது என்பதும் இருக்கிறது. நடந்தது என்னவோ அமைதியான விஷயம்: யாரோ ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. மின்னலும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் நம்ப முடிகிறது என்றால் அந்த மணியும் அந்த மனமின்மையும்தான் காரணம்.

இப்போது புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முழு வாழ்க்கை வரலாறு வேண்டாம். மீதிப் புள்ளிகள் வேறு நாளைக்கு, வேறு ஆளுக்கு உதவும்.

படி 3: அகிரிப்பா முன் பவுல் பேசியதை அளந்து பாருங்கள்

பவுலின் மனமாற்றம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று இடங்களில் வருகிறது: 9, 22, 26-ஆம் அதிகாரங்களில். கடைசி இரண்டும் அவரே சொன்னவை. அகிரிப்பா ராஜாவின் முன் சொன்ன 26-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டால், முன்பு எப்படி இருந்தேன் என்பதற்கு 4 முதல் 11 வரை எட்டு வசனங்கள். வழியில் நடந்ததற்கு 12 முதல் 18 வரை ஏழு. அதன் பிறகு என்ன செய்தேன் என்பதற்கு 19 முதல் 23 வரை ஐந்து. நிதானமாக வாசித்தால் மொத்தமும் நான்கைந்து நிமிடத்துக்குள் அடங்கும். மூன்று பங்குக்கும் ஏறக்குறைய சம இடம். நம் கூட்டங்களில் பல சாட்சிகள் பதினைந்து நிமிடம் பழைய பாவத்தைச் சொல்லி, ‘ஆண்டவர் என்னைத் தொட்டார், ஸ்தோத்திரம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. கேட்டவர்களுக்குப் பாவம்தான் நினைவில் நிற்கும்.

22-ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புரியும். எருசலேமில் யூதக் கூட்டத்தின் முன் எபிரெயு பாஷையில் பேசும்போது வேத அறிஞர் கமாலியேலிடம் படித்ததையும், தனக்குப் பார்வை திரும்பும்படி வந்த அனனியா வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன் என்பதையும் எடுத்துச் சொல்கிறார். அகிரிப்பாவின் முன் அனனியாவின் பெயரே வரவில்லை. நடந்தது ஒன்றுதான், கேட்பவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். ஆளுக்குத் தக்கபடி விவரங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் பொய்யாகிவிடாது. இல்லாததைச் சேர்த்தால்தான் பொய்.

படி 4: எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்

மூன்று நிமிடத்துக்கு எழுத்தில் 250 முதல் 300 சொற்கள் போதும். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘நான் பாவச் சேற்றில் கிடந்தேன். கர்த்தர் தம்முடைய மகா கிருபையினால் என்னைத் தூக்கியெடுத்து, கன்மலையின்மேல் நிறுத்தினார். இன்று சமாதானத்தோடும் சந்தோஷத்தோடும் அவருக்கு ஊழியம் செய்கிறேன்.’

40-ஆம் சங்கீதம் தெரிந்தவருக்கு இதில் ஓர் இனிமை உண்டு. தெரியாதவருக்கு, என்ன சேறு, என்ன கன்மலை என்று ஒன்றும் விளங்காது. தெரிந்தவருக்கும்கூட உங்களைப் பற்றி இதில் எதுவும் தெரியவில்லை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதே சாட்சி இப்படி மாறலாம்:

‘அம்மா இறந்து எட்டு மாதம் வரை ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கடைசியாக அவரிடம் எரிந்து விழுந்தேன். அந்த வார்த்தையே காதில் ஓடிக்கொண்டிருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி யோவான் 21-ஆம் அதிகாரத்தைப் படித்தேன். தம்மைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் இயேசு அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்கிறார், அவ்வளவுதான். எனக்கும் மன்னிப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் நம்பினேன். இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் அழுகை வரும். இரண்டு மணிக்கு விழிப்பும் சில நாள் வரும். ஆனால் முன்புபோலக் குற்றவாளியாகப் படுத்திருப்பதில்லை. கொஞ்ச நேரம் ஜெபம் செய்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.’

கடைசி மூன்று நான்கு வரிகளைக் கவனியுங்கள். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அது சொல்லவில்லை. விழிப்பு இன்னும் வருகிறது. படுத்திருக்கும் விதம் மாறியிருக்கிறது. ‘பிறகு’ என்ற பகுதியை மிகைப்படுத்துவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு, அதுவே பின்னால் நம்மைப் பயமுறுத்தவும் செய்கிறது. முழுமையான மனிதனாக அறிவித்துக்கொண்டவன் அடுத்த வாரம் கோபப்பட முடியாது. அடிமைக் கப்பலோட்டியாக இருந்து பின்னால் போதகரான ஜான் நியூட்டன், 1748-இல் கடும்புயலில் கடவுளிடம் திரும்பியதாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமை வணிகக் கப்பல்களில் போனார். அந்த வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788-இல், நாற்பது ஆண்டுகள் கழித்து. 1749-இல் அவரிடம் சாட்சி கேட்டிருந்தால், நேர்மையான பதில் ‘தொடங்கியிருக்கிறேன்’ என்பதாகத்தான் இருந்திருக்க முடியும்.

வெட்டும்போது பார்க்க வேண்டியவை:

- சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள். இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகம், உலகப்பிரகாரமான வாழ்க்கை, பாரம், நடத்துதல். ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, அடுத்த வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி மாற்றி எழுதுங்கள். ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்றால் காதில் குரல் கேட்டதா, ஒரு வசனம் தைத்ததா, மனதில் தோன்றியதா என்று விளக்குங்கள். புதிதாகக் கேட்பவர் குரல் கேட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.
- பிறருடைய இரகசியம். கணவரின் குடி, மகளின் திருமண முறிவு, தம்பியின் கடன் இவையெல்லாம் அவர்களுடைய கதைகள். அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ‘வீட்டில் ஒரு பெரிய சிக்கல்’ என்பதோடு நிறுத்துங்கள். சாட்சி முடிந்ததும் குடும்பச் சண்டை தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.
- பாவத்தின் நுணுக்க விவரம். ‘பணம் கையாடினேன்’ என்றால் போதும். எப்படிக் கையாடினேன் என்ற செய்முறை வேண்டாம்.
- குணமான சாட்சியில் மருத்துவரை மறைப்பது. சிகிச்சையும் நடந்தது, ஜெபமும் நடந்தது என்றால் இரண்டையும் சொல்லுங்கள். இதைக் கேட்டு ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பழி உங்களையும் சேரும்.
- பழைய மதத்தை, பழைய சபையைத் தாழ்த்திப் பேசும் வரிகள். கேட்பவரின் அம்மா இன்றும் அங்கேதான் கும்பிடுகிறார்.
- ‘நீங்களும் நம்பினால் உங்களுக்கும் இப்படியே நடக்கும்’ என்ற வாக்குறுதி. அதைக் கொடுக்கும் அதிகாரம் சாட்சிக்கு இல்லை.

உடல் அல்லது பாலியல் வன்முறை, தற்கொலை முயற்சி போன்றவை உங்கள் கதையில் இருந்தால், பொது இடத்தில் சொல்வதற்கு முன் ஆலோசகரிடமோ முதிர்ந்த ஒருவரிடமோ தனியாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன அன்று ராத்திரி தூக்கம் கெட்டால், இன்னும் காலம் வேண்டும் என்று அர்த்தம். யாரும் அவசரப்படுத்த அனுமதிக்காதீர்கள்.

படி 5: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் மீதியெல்லாம் சேர்ந்து போய்விடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக மனதில் வையுங்கள். நடுவில் மூன்று நான்கு நிறுத்தங்கள் போதும். மேலே உள்ள சாட்சிக்கு: எட்டு மாதம், இரண்டு மணி, பேதுரு, திரும்பிப் படுத்தல்.

செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை மூன்று நிமிடச் சாட்சி ஆறு நிமிடம் ஓடும். எங்கே நீள்கிறது என்று பார்த்தால் ஏறக்குறைய எப்போதும் தொடக்கத்தில்தான். பிறகு ஒரு நிமிட வடிவம் ஒன்றும், ஒரே வாக்கிய வடிவம் ஒன்றும் தயார் செய்யுங்கள். உண்மையில் அதிகம் உதவப்போவது அந்த ஒரு வாக்கியம்தான். ‘இவ்வளவு நடந்தும் எப்படிச் சமாளிக்கிறாய்?’ என்று வேலைக்கு நடுவே ஒருவர் கேட்டால் மூன்று நிமிடம் கிடைக்காது.

முதல் கேட்பாளராக ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்: உங்களை நேசிப்பவர், அதே சமயம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்பார், பிரயோஜனமில்லை. ‘எந்த இடம் புரியவில்லை? எந்த இடத்தில் கவனம் போனது? எதை நம்பக் கடினமாக இருந்தது?’ என்று கேளுங்கள். இரண்டாவதாக, விசுவாசத்துக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவர் கேட்டுச் சொல்ல முன்வந்தால் பெரும் உதவி. சபைச் சொற்களை அவர் காது உடனே பிடித்துவிடும்.

படி 6: தனியாக ஒருவரிடம்

மேடையைவிட இதுதான் கடினம் என்று பலர் சொல்வார்கள். பேதுரு மறுதலித்தது நியாயாதிபதியின் முன் அல்ல, குளிர்காயும் முற்றத்தில், ஒரு வேலைக்காரப் பெண் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு. பிற்காலத்தில் அதே பேதுருவின் நிருபம்தான், உங்களிடம் விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. கேட்கிறவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதலில் அவர் பேசுவதைக் கேளுங்கள், முழுவதும். பிறகு அனுமதி: ‘எனக்கும் ஒரு சமயம் இப்படி ஆனது. அதிலிருந்து வெளியே வந்ததில் என் விசுவாசத்துக்குப் பங்கு உண்டு. சொல்லட்டுமா?’ வேண்டாம் என்றால் ‘பரவாயில்லை’ என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள், முகம் மாறாமல். சரி என்றால் ஒரு நிமிட வடிவம். முடிந்ததும் நிறுத்துங்கள். அடுத்து வரும் மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். அதை நிரப்பத்தான் நாம் பிரசங்கத்தில் இறங்குகிறோம். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண் ஊராரிடம் சொன்னது இரண்டு மூன்று வரிதான், அதையும் ‘அவர் கிறிஸ்துதானோ’ என்ற கேள்வியாகவே விட்டாள். ஊரார் தாங்களே நடந்து போய்ப் பார்த்தார்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியவில்லை. என் கேள்வியும் அதுதான்’ என்றோ, ‘படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றோ சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்னால் ஒரு வாரத்துக்குள் உண்மையிலேயே படித்துவிட்டுத் திரும்பிப் போங்கள். ‘உன் மனப்பிரமை’ என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். அகிரிப்பாவின் முன் பேசிய பவுலிடமே ரோம ஆளுநர் பெஸ்து, ‘நீ பிதற்றுகிறாய்’ என்று உரக்கச் சொன்னான். ‘நான் பயித்தியக்காரனல்ல’ என்று மரியாதை குறையாமல் ஒரு வரி சொல்லிவிட்டுப் பவுல் மேலே போனார்.

உங்கள் கையை எதிர்பார்த்து இருப்பவரிடம் கவனமாக இருங்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர், உங்கள் மாணவர், நீங்கள் பராமரிக்கும் நோயாளி ஆகியோரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. அவர்களாகக் கேட்டாலொழிய அங்கே சாட்சி வேண்டாம். உதவி கொடுக்கும்போது அதோடு சேர்த்துச் சாட்சி சொல்வதும் இதே தவறுதான்.

படி 7: கூட்டத்தின் முன்

எத்தனை நிமிடம், எப்போது அழைப்பார்கள், ஒலிவாங்கி கையில் பிடிப்பதா தாங்கியில் இருக்குமா என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்கும் என்றால் தாங்கியே நல்லது. குறிப்பை மெல்லிய தாளில் வைத்தால் நடுக்கம் தாளில் தெரியும். தடித்த அட்டையில் எழுதுங்கள். அழைப்பதற்கு முன் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்தாறு முறை.

நடுக்கம் உள்ளே உணரும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. 2003-இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளர்கள் தங்கள் பதற்றம் பார்ப்பவர்களுக்குத் தெரிவதாக எண்ணிய அளவு, உண்மையில் தெரிந்ததைவிட அதிகமாக இருந்தது. இந்த விஷயத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆகவே ‘எனக்குப் பேச வராது, மன்னிக்கவும்’ என்று தொடங்காதீர்கள். யாரும் கவனிக்காததை நீங்களே காட்டிக் கொடுப்பதுதான் அது.

அழுகை வந்தால் நிறுத்துங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், கீழே பார்த்து அடுத்த குறிப்பிலிருந்து தொடங்குங்கள். அழுகையோடு பேசித் தள்ள முயன்றால் குரல் உடைந்து ஒன்றும் புரியாது. முடிக்கும்போது தயார் செய்த கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். ‘ஜெபிக்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள்’ என்ற அழைப்பு போதகருடைய வேலை.

பதிவு செய்கிறார்களா, இணையத்தில் போடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். முப்பது பேருக்காகத் தயாரித்த சாட்சி உங்கள் மேலதிகாரியின் கைபேசிக்கும், இன்னும் பிறக்காத உங்கள் பேரனின் கைபேசிக்கும் போகலாம். அதில் சம்மதமில்லை என்றால், ஒலிவாங்கியைக் கையில் வாங்குவதற்கு முன் சொல்லிவிடுங்கள். பிறகு அழிக்கச் சொல்லிக் கெஞ்சுவது கடினம்.

மறுநாள் ஒருவித வெறுமை வரும். இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றும். அதை எதிர்பார்த்து, முதல் கேட்பாளராக இருந்தவரிடம் மறுநாள் சாயங்காலம் பேசுவதாக முன்பே சொல்லி வையுங்கள். அவரோடு பேசும்போது, எந்த வரியில் மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்த வரி உங்கள் வாயிலேயே ஒட்டவில்லை என்பதை அட்டையின் பின்புறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டாத வரி பெரும்பாலும் வேறு யாருடைய சாட்சியிலிருந்தோ வந்ததாக இருக்கும்.